நடிகர் சொன்னா ஓட்டு விழுமா? பிரபலங்களின் ஆதரவு அரசியலில் எவ்வளவு தூரம் எடுபடும்?

தேர்தல் நெருங்கினால் போதும், டீக்கடையில் தொடங்கி வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். "அந்த நடிகரோட ஆதரவு இந்த முறை யாருக்கு?"

கட்சிகளும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பெரிய நடிகர் ஒரு வரி சொன்னால் அன்றைக்கு அதுதான் பிரேக்கிங் நியூஸ். ஆனால் அந்த ஒரு வரி உண்மையிலேயே ஓட்டாக மாறுதா? நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் சொல்வதை நம்பி மக்கள் முடிவெடுக்கிறார்களா? அப்படி எடுத்தால், அந்தப் பேச்சுக்கு யார் பொறுப்பு? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே குரல், மூன்று தேர்தல்

இதைப் புரிந்துகொள்ள ரொம்ப தூரம் போக வேண்டாம். ரஜினிகாந்த் சந்தித்த மூன்று தேர்தல்களைப் பார்த்தாலே போதும்.

முதலாவது 1996. அதிமுக ஆட்சி மீது ஊழல் புகார்கள், முந்தைய ஆண்டு நடந்த ஆடம்பரத் திருமணம் என மக்களிடம் கோபம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அதிமுகவுடன் கூட்டணி வைக்க காங்கிரஸ் தலைமை முடிவெடுத்ததால், மூப்பனார் வெளியேறி தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்கினார். திமுக - தமாகா கூட்டணி உருவானது. அந்தக் கூட்டணிக்கு ரஜினி வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். ஜெயலலிதா மீண்டும் ஆட்சிக்கு வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்ற பொருளில் அவர் பேசியது இன்று வரை பேசப்படுகிறது.

முடிவு? சட்டமன்றத்தில் அதிமுகவுக்குக் கிடைத்தது வெறும் 4 இடங்கள். பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளும் திமுக - தமாகா அணிக்குப் போயின.

இரண்டாவது 1998 மக்களவைத் தேர்தல். அதே ரஜினி, அதே திமுக - தமாகா அணிக்கு ஆதரவு. ஆனால் இந்த முறை அதிமுக - பாஜக அணி 39ல் 30 இடங்களைப் பிடித்தது.

மூன்றாவது 2004. 'பாபா' பட விவகாரத்தில் பாமகவுடன் மோதல் இருந்த நேரம். பாமக போட்டியிட்ட 6 தொகுதிகளிலும் அந்தக் கட்சிக்கு எதிராக ரசிகர்கள் வேலை செய்வார்கள் என்று ரஜினி அறிவித்தார். நதிகள் இணைப்பைக் காரணம் காட்டி, தன்னுடைய ஓட்டு பாஜகவுக்குத்தான் என்றும் சொன்னார். முடிவு வந்தபோது, புதுச்சேரி உட்பட அந்த 6 தொகுதிகளிலும் பாமகதான் ஜெயித்தது. தமிழ்நாட்டின் 39 இடங்களும் திமுக கூட்டணிக்கு. அதிமுக - பாஜக அணிக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இந்த எட்டு வருடங்களில் ரஜினியின் மார்க்கெட் சரிந்துவிட்டதா? இல்லை. 'பாபா' எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை என்றாலும், 2005ல் 'சந்திரமுகி' சக்கைப்போடு போட்டது. ரசிகர்கள் அப்படியேதான் இருந்தார்கள். மாறியது அரசியல் சூழல்.

அப்படின்னா 1996ல் என்ன நடந்தது?

1996 தீர்ப்பை ரஜினிதான் எழுதினார் என்று சொல்பவர்கள் உண்டு. அவர் பேசாவிட்டாலும் அதிமுக தோற்றிருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. ஆட்சிக்கு எதிரான அலை ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது என்பதை இரண்டு தரப்புமே மறுப்பதில்லை.

ஆனால் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. தமாகா தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு பிறந்த கட்சி. அதன் சைக்கிள் சின்னம் மக்களுக்குப் புதுசு. 'அண்ணாமலை' படத்தில் பால்காரராக வரும் ரஜினி சைக்கிளோடு நிற்கும் படம் அந்தக் கட்சிக்குப் போஸ்டராகவே ஆகிப்போனது. ஒரு புதிய சின்னத்தை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோக, இதைவிட வேகமான வழி அன்றைக்குக் கிடையாது.

அதாவது, மக்களுக்குத் தெரியாத ஒன்றை அறிமுகப்படுத்துவதில் நட்சத்திரத்தின் முகம் நன்றாக வேலை செய்யும். மக்கள் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்ட விஷயத்தில் அவர்களைத் திருப்புவது வேறு வேலை. 2004ல் பாமகவுக்கு வட மாவட்டங்களில் சொந்த ஓட்டு வங்கி இருந்தது, பலமான கூட்டணியும் இருந்தது. அங்கே ரஜினி ரசிகராகவும் பாமக ஓட்டராகவும் ஒரே ஆள் இருக்க முடியும். படத்துக்கு விசில் அடித்துவிட்டு, ஓட்டை வேறு பக்கம் போடுவதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

"எம்.ஜி.ஆர். ஜெயிக்கலையா?" என்று கேட்டால்...

இந்த விவாதத்தில் எல்லோரும் எடுத்துவைக்கும் உதாரணம் எம்.ஜி.ஆர். ஆனால் அவருடைய கதை வேறு ரகம்.

அவர் 1950களிலேயே திமுகவில் சேர்ந்தவர். 1967ல் பரங்கிமலை தொகுதி எம்.எல்.ஏ. 1972ல் அதிமுகவைத் தொடங்கினார், 1977ல் முதலமைச்சர் ஆனார். கிட்டத்தட்ட இருபது வருடங்களுக்கு மேல் சினிமாவையும் கட்சியையும் சேர்த்தே நடத்தியவர். ஊருக்கு ஊர் இருந்த ரசிகர் மன்றங்கள் பின்னாளில் கட்சிக் கிளைகளாகவே மாறின. தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு வந்து "இவருக்குப் போடுங்க" என்று சொன்னவர் அல்ல அவர்.

எதிர்ப்பக்கம் சிவாஜி கணேசனைப் பாருங்கள். நடிப்பில் அவருக்கு இணை யாரும் இல்லை என்பதில் தமிழ்நாட்டுக்கே சந்தேகம் கிடையாது. 1989 தேர்தலில் தனிக் கட்சி நடத்தி, ஜானகி அணியுடன் கூட்டணி வைத்தார். திருவையாறில் நின்ற சிவாஜியே தோற்றுப்போனார். நடிகராக மக்கள் கொடுத்த மரியாதை ஒரு பக்கம், ஓட்டு ஒரு பக்கம்.

கூட்டம் வேற, ஓட்டு வேற

2011 சட்டமன்றத் தேர்தலை மறந்திருக்க மாட்டீர்கள். திமுகவுக்காக வடிவேலு களம் இறங்கினார். போகிற ஊரெல்லாம் கூட்டம் அலைமோதியது. எதிரணியில் இருந்த விஜயகாந்தை அவர் வறுத்தெடுத்ததைக் கேட்டு மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஓட்டு எண்ணியபோது அதிமுக 150 இடங்களில் ஜெயித்தது. விஜயகாந்தின் தேமுதிக 29 இடங்களைப் பிடித்தது. திமுகவுக்கு 23. சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் விஜயகாந்த். அதற்குப் பிறகு பல வருடங்கள் வடிவேலுவைத் திரையில் பார்ப்பதே அரிதானது.

கூட்டத்துக்கு வந்தவர்கள் வடிவேலுவைப் பார்க்க வந்தார்கள். மின்வெட்டு, விலைவாசி, 2ஜி வழக்கு என்று அவர்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்த விஷயங்களை ஒரு காமெடிப் பேச்சு மறக்கடிக்கவில்லை. ஆதரவு கொடுக்கும் பிரபலத்துக்கும் இதில் ரிஸ்க் உண்டு என்பதற்கும் இதுவே உதாரணம்.

அமெரிக்காவில் என்ன கதை?

நட்சத்திர ஆதரவுக்கு எத்தனை ஓட்டு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று அமெரிக்காவில் உண்டு. டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே, 2008 அதிபர் தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் பராக் ஒபாமாவை ஆதரித்தார். எதிரே நின்றவர் ஹிலாரி கிளிண்டன்.

கிரெய்க் கார்த்வெய்ட், திமோதி மூர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஓப்ராவின் பத்திரிகை எந்தெந்தப் பகுதிகளில் அதிகம் விற்கிறது, அவர் சிபாரிசு செய்த புத்தகங்கள் எங்கே அதிகம் விற்றன என்று பார்த்தார்கள். அந்தப் பகுதிகளில் ஒபாமாவுக்கு விழுந்த ஓட்டுகளோடு ஒப்பிட்டார்கள். ஓப்ராவின் ஆதரவால் ஒபாமாவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது சுமார் 10 லட்சம் ஓட்டுகள் என்பது அவர்கள் மதிப்பீடு.

கேட்க பிரம்மாண்டமாக இருக்கிறது. ஆனால் இது உட்கட்சித் தேர்தல் என்பதை மறக்கக் கூடாது. இரண்டு பேரும் ஒரே கட்சி, கொள்கையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹிலாரியை நாடே அறியும். ஒபாமா ஒப்பிட்டால் புதுமுகம். "யார் இவர்?" என்று யோசித்துக்கொண்டிருந்த ஓட்டருக்கு, தினமும் டிவியில் பார்க்கும் ஒருவர் அறிமுகம் செய்துவைத்தார். 1996ல் சைக்கிள் சின்னத்துக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

இப்போது 2024க்கு வருவோம். செப்டம்பர் 10 அன்று டிரம்ப் - கமலா ஹாரிஸ் விவாதம் முடிந்த கையோடு, பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் கமலாவுக்கு ஆதரவு அறிவித்தார். இன்ஸ்டாகிராமில் அவருக்கு அப்போது 28 கோடிக்கும் மேல் ஃபாலோயர்ஸ். வாக்காளர் பதிவு பற்றிய அரசு இணையதளத்தின் லிங்க்கையும் கொடுத்திருந்தார். 24 மணி நேரத்தில் அந்த லிங்க் வழியாக மட்டும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தளத்துக்குள் போனார்கள். பியான்சே உட்பட இன்னும் பல நட்சத்திரங்களும் கமலா பக்கம் நின்றார்கள்.

நவம்பரில் டிரம்ப் ஜெயித்தார். முடிவைத் தீர்மானிக்கும் என்று சொல்லப்பட்ட 7 மாகாணங்களும் அவர் பக்கம்தான் போயின. ஸ்விஃப்ட்டுக்கு இது முதல் அனுபவமும் கிடையாது. 2018ல் டென்னசி மாகாண செனட் தேர்தலில் அவர் ஆதரித்த ஃபில் பிரெடெசனும் தோற்றார்.

லிங்க்கைக் கிளிக் பண்ண வைக்க ஒரு போஸ்ட் போதும். மளிகை விலையும் வாடகையும் ஏறிப்போன கோபத்தில் இருப்பவரை மனசு மாற்ற அது போதாது. டிரம்ப் - கமலா போன்ற தேர்தலில் பெரும்பாலானவர்கள் எந்தப் பக்கம் என்று முன்பே முடிவு செய்துவிட்டிருப்பார்கள்.

ஏன் நாம் அவர்களை நம்புகிறோம்?

தினமும் திரையில் பார்க்கும் முகம், கொஞ்ச நாளில் நமக்குத் தெரிந்தவர் முகம் மாதிரி ஆகிவிடுகிறது. அவருக்கு நம்மைத் தெரியாது. ஆனால் அவர் பிறந்தநாளும் பிள்ளைகள் பெயரும் நமக்குத் தெரியும். இது ஒருதலை நெருக்கம். தெரிந்தவர் சொன்னால் நம்புவது மனித இயல்பு.

இன்னொன்று, ஒரு துறையில் கெட்டிக்காரராக இருப்பவர் மற்ற துறையிலும் விவரமானவராகத்தான் இருப்பார் என்று நாமே எடுத்துக்கொள்கிறோம். நன்றாக கிரிக்கெட் ஆடுபவர் சொல்லும் பேங்க் நல்ல பேங்க்காக இருக்கும் என்று நினைப்பதும் இதே கணக்குதான்.

இந்த நம்பிக்கை நல்லதுக்கும் பயன்பட்டிருக்கிறது. போலியோ சொட்டு மருந்துப் பிரசாரத்துக்கு அமிதாப் பச்சன் முகமாக இருந்தார். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த வெற்றியை ஒரு விளம்பரம் மட்டும் கொண்டுவரவில்லை. அதற்குப் பின்னால் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டிய லட்சக்கணக்கான சுகாதாரப் பணியாளர்கள் இருந்தார்கள்.

நம்பிக்கை ஒரே முகத்தில் தொங்கினால்?

அதற்கு நேர் எதிரான அனுபவமும் தமிழ்நாட்டுக்கு உண்டு. அரசியல் கலக்காத விஷயம்தான், ஆனாலும் மக்கள் நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் இல்லை.

2021 ஏப்ரல் 15. நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். பயப்படாமல் எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். மரம் நடுவது தொடங்கி அவர் சொன்ன எத்தனையோ விஷயங்களை மக்கள் கேட்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில் வந்த வேண்டுகோள் அது.

அடுத்த நாள் அவருக்கு மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலை காலமானார். இதய ரத்தக்குழாயில் இருந்த அடைப்புதான் காரணம், தடுப்பூசி இல்லை என்று மருத்துவர்கள் அப்போதே விளக்கினார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் மத்திய குழுவும் பிற்பாடு அதையே சொன்னது. ஆனால் அதற்குள் வதந்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. "விவேக்குக்கே இப்படி ஆயிடுச்சே" என்ற ஒரு வரி, டாக்டர்கள் சொன்ன அத்தனை விளக்கத்தையும் முந்திக்கொண்டது.

தப்பு விவேக் மீது இல்லை. அவர் செய்தது நல்ல காரியம். ஒரு முகத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை, அந்த முகத்துக்கு ஒன்று ஆனதும் ஆட்டம் கண்டுவிட்டது. தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது, யாருக்கு என்ன பக்கவிளைவு வரலாம் என்ற தகவல் மக்களிடம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தால், வதந்திக்கு இவ்வளவு இடம் கிடைத்திருக்காது.

பொய்யான விளம்பரத்துக்கு அபராதம்... அரசியலுக்கு?

ஒரு பொருளைப் பற்றித் தவறான விளம்பரத்தில் நடித்தால் பிரபலங்களும் மாட்டிக்கொள்வார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி:

• முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்
• மறுபடியும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை
• விளம்பரங்களில் தோன்ற ஒரு வருடம் வரை தடை, திரும்பச் செய்தால் 3 வருடம் வரை
• சொல்வது உண்மையா என்று முன்பே விசாரித்துப் பார்த்ததை நிரூபித்தால் தப்பிக்கலாம்

தவறான விளம்பரத்துக்கு அதில் தோன்றும் பிரபலங்களும் சம பொறுப்பு என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

ஆனால் இந்தச் சட்டம் பொருள்களுக்கும் சேவைகளுக்கும்தான். "இந்தக் கட்சி வந்தால் உங்கள் பிரச்சினையெல்லாம் தீரும்" என்று ஒரு நடிகர் சொல்லி, தீரவில்லை என்றால் கேள்வி கேட்க இதில் வழியில்லை. ஹேர் ஆயிலுக்கு இருக்கும் பாதுகாப்பு ஓட்டுக்கு இல்லை.

தேர்தல் சட்டத்தில் இருப்பது செலவுக் கணக்கு. அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்று 40 நட்சத்திரப் பேச்சாளர்கள் வரையும், மற்ற பதிவு பெற்ற கட்சிகள் 20 பேர் வரையும் பட்டியல் கொடுக்கலாம். இவர்களுடைய பயணச் செலவு வேட்பாளரின் கணக்கில் சேராது. தமிழ்நாடு போன்ற மாநிலத்தில் சட்டமன்ற வேட்பாளருக்கான செலவு உச்சவரம்பு 2022ல் 40 லட்சம் ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நிலையில் ஹெலிகாப்டரில் ஒரு நட்சத்திரம் வந்து இறங்குவது எவ்வளவு பெரிய சலுகை என்று யோசித்துப் பாருங்கள். வேட்பாளர் அதே மேடையில் ஏறினால் கூட்டச் செலவு அவர் கணக்கில் வரும்.

காசு கை மாறியதா?

2024 தேர்தலில் கமலா ஹாரிஸின் பிரசாரக் குழு, ஓப்ராவின் தயாரிப்பு நிறுவனத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தது செலவுக் கணக்கில் வெளிவந்தது. தனக்கென்று ஒரு பைசா வாங்கவில்லை, நிகழ்ச்சி நடத்திய தயாரிப்புச் செலவுக்கான பணம் அது என்று ஓப்ரா விளக்கம் கொடுத்தார். ஆனாலும் "ஆதரவுக்கு விலை கொடுத்தார்களா?" என்ற பேச்சு அடங்க நாளானது. கணக்கு வெளியில் வந்ததால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

அது அவரே தானா?

இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கும் தலைவலி டீப்ஃபேக். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் ஆமிர்கான், ரன்வீர் சிங் இருவரும் பிரதமர் மோடியை விமர்சித்து காங்கிரஸுக்கு ஆதரவு தெரிவிப்பது போல் வீடியோக்கள் பரவின. இரண்டுமே போலி. இரண்டு பேர் தரப்பிலும் போலீஸில் புகார் போனது.

அதே ஆண்டு ஆகஸ்டில், டெய்லர் ஸ்விஃப்ட் தன்னை ஆதரிப்பது போன்ற ஏஐ படங்களை டிரம்ப் தன் சமூக வலைதளப் பக்கத்தில் பகிர்ந்தார். கமலாவுக்கு ஆதரவு சொன்ன பதிவில், தன்னுடைய நிலையை வெளிப்படையாகச் சொல்ல இதுவும் ஒரு காரணம் என்று ஸ்விஃப்ட் குறிப்பிட்டார். ஆதரவு கொடுக்காதவர் பெயரிலேயே ஆதரவைத் தயாரிக்க முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டோம்.

அடுத்த முறை ஒரு வீடியோ வந்தால்...

உங்கள் போனுக்கு "இவர் ஆதரவு இவருக்குத்தான்" என்று ஒரு வீடியோ வந்தால், ஃபார்வர்டு செய்யும் முன் நான்கு கேள்விகள் கேட்டுப் பாருங்கள்.

1. இது அவருடைய அதிகாரப்பூர்வ பக்கத்தில் இருக்கிறதா? இல்லை என்றால் நம்ப அவசரப்பட வேண்டாம்.
2. ஏன் ஆதரிக்கிறார் என்று காரணம் சொல்கிறாரா, இல்லை பன்ச் டயலாக் மட்டும்தானா?
3. அந்தக் கட்சியாலோ ஆட்சியாலோ அவருக்கு ஏதாவது ஆதாயம் உண்டா? பட ரிலீஸ், வழக்கு, பதவி என்று எதுவாகவும் இருக்கலாம்.
4. அவர் பெயரை எடுத்துவிட்டு அதே காரணத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், அப்போதும் உங்களுக்குச் சரியென்று படுமா?

நான்காவது கேள்விக்கு "ஆமா" என்றால், நீங்கள் நம்புவது காரணத்தை. "இல்லை" என்றால், நம்புவது முகத்தை மட்டும்.

பிடித்த நடிகருக்கு ஓர் அரசியல் கருத்து இருப்பதில் தவறே இல்லை. அவரும் ஒரு ஓட்டர், அவருக்கும் ஒரு ஓட்டு. சரியில்லாத படத்துக்கு ரசிகர் இழப்பது ஒரு டிக்கெட் காசு, இரண்டரை மணி நேரம். தப்பாகப் போட்ட ஓட்டோடு 5 வருடம் இருக்க வேண்டும். 1996ல் ரஜினி பேச்சைக் கேட்டவர்களில் பலர், 1998லும் 2004லும் அவர் படத்தை ரசித்துவிட்டு ஓட்டை மட்டும் தங்கள் இஷ்டப்படி போட்டார்கள். இந்த வித்தியாசம் தமிழ்நாட்டு ஓட்டருக்குத் தெரியாதது இல்லை.